இந்த விதை முளைக்காது

மரத்தைக் கட்டிப்பிடித்து அழுகிற ஆள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த விழாவுக்குப் பிறகு என்னைப் பற்றி அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மரம் வெட்டினால் எனக்கு மயக்கம் வராது. என் வீட்டுக் கதவும் கட்டிலும் மரம்தான். விழப்போகிற மரத்தை ஆள்மேல் விழுவதற்கு முன் வெட்டத்தான் வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வெட்டுகிறார்களே என்று எனக்குக் கோபம் வரவில்லை. பொய் சொல்லி வெட்டப் பார்த்தார்களே, அதற்குத்தான் வந்தது.

திருவனந்தபுரத்துக்கு வெளியே, ரோடு மலை ஏறத் தொடங்கும் இடத்தில், அரசாங்கம் நடத்தும் மரத்தோட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. இதைப் பூங்கா என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பாத்தி கட்டிய பூச்செடியும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. மலைக்காட்டில் குறைந்துகொண்டே வரும் மரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நட்டு, பெயர்ப்பலகை வைத்து வளர்க்கிறார்கள். பாதி தோட்டம், பாதி காடு. சீட்டு வாங்கினால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பேருந்து பேருந்தாக வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மரங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது என் வேலையாக இருந்தது. ஒப்பந்த வேலைதான், வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். தாவரவியல் படித்துவிட்டு, கல்யாணம் செய்துகொண்டு, தனியார் பள்ளியில் ரொம்ப காலம் சாக்பீஸ் தூசி தின்றவளுக்கு அது கிடைத்தபோது லாட்டரி அடித்த மாதிரி இருந்தது.

வீடு ஆரியசாலையில், சாலைக் கடைத்தெருவை ஒட்டி. பிறந்த வீடும் அதே தெருதான். திருநெல்வேலியிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாக நாட்டு மருந்துச் சரக்கு மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். கடுக்காய், தான்றிக்காய், குறுந்தொட்டி வேர், சுக்கு, குங்கிலியம். இப்போது கடையை என் அண்ணன் நடத்துகிறான். காலையில் நான் கிழக்கேகோட்டைக்குப் பஸ் பிடிக்கப் போகும்போது கடைவாசலில் நின்றுகொண்டு, "மரத்துக்கு டியூஷன் எடுக்கக் கிளம்பிட்டா பாரு" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்வான். "உன் கடையில இருக்கிற கட்டையெல்லாம் ஒருகாலத்துல எங்கிட்ட படிச்சதுதான்" என்று நான் சொல்லிவிட்டுப் போவேன். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் பேச்சு இப்படித்தான்.

எங்கள் கடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஈரம் என்பது கெட்ட வார்த்தை. இந்த ஊர் மழைக்கு வேரும் காயும் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் வெயில் இருந்தால் மொட்டைமாடி, மழைக்காலத்தில் அதற்கென்று கட்டிய சூட்டறை. விசிறியும் ஹீட்டரும் வைத்து, சரக்கு கலகலவென்று சத்தம் போடும்வரை காயவைப்பார்கள். காய்ந்த சரக்குதான் நல்ல சரக்கு. ஒரு காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தே அண்ணன் தரம் சொல்லிவிடுவான். அவன் பிள்ளைகளுக்குத் தலை துவட்டிவிடுவதைப் பார்த்தால்கூட எனக்குச் சரக்கு காயவைக்கிற ஞாபகம்தான் வரும்.

தோட்டத்துக்கு வருகிறேன். வாசலுக்குப் பக்கத்துச் சரிவில் ஒரு வெள்ளைக் குங்கிலிய மரம் நின்றது. மலையாளத்தில் வெள்ளப்பயின் என்பார்கள். மற்ற மரங்களையெல்லாம் கொண்டுவந்து நட்டார்கள். இதை யாரும் நடவில்லை. தோட்டம் வருவதற்கு முன்னால் அந்த இடம் காடாக இருந்ததே, அந்தக் காட்டின் மரம். அந்தச் சரிவில் அந்த இனத்தில் மிச்சம் அது ஒன்றுதான். எங்கள் கடையில் சாக்கில் கிடக்கிற குங்கிலியம் இந்த மாதிரி மரத்தின் பாலிலிருந்து வருவதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் உடனே போய்ப் பட்டையை மோந்து பார்ப்பார்கள். நான் எப்போதும் அந்த மரத்தடியில்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

மரம் சாய்ந்திருந்தது. அடியில் பொந்து. வாகனம் நிறுத்த அந்தச் சரிவைச் சமப்படுத்த வேண்டும் என்று முடிவானபோது, ஒரு குழு வந்து மரத்தைத் தட்டிப் பார்த்து, ஆபத்தானது, வெட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. தோட்டத்தின் அதிகாரி என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் விழாவாக நடத்தத் தெரிந்தவர், அவ்வளவுதான். அவரிடம் போய்ச் சொன்னேன்: "சாறே, வெட்டுங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா எத்தனையோ வருஷம் கழிச்சு இப்பத்தான் இது பூத்திருக்கு. காய் விழுந்து, அதுல நாலு கன்னு எழும்பின பிறகு வெட்டுங்க."

"அத்ரேயுள்ளோ?" என்று சிரித்தார். அவ்வளவுதானா என்று அர்த்தம். "விதை கிட்டியா போதாதா சேச்சி? விதை கையில வந்தா மரம் போகலாம்."

ஒப்பந்தம் அதுதான். விதை பத்திரமாகக் கைக்கு வந்தால் மரம் போகும். நானும் சம்மதித்தேன். இதில் என்ன அநியாயம் இருக்கிறது? ஒரு மரம் போகும், அதன் பிள்ளைகள் இருக்கும். காடு என்பதே அப்படித்தான் நடக்கிறது.

எடவப்பாதி மழை, ஜூன் மாதத்துப் பருவமழை, தொடங்கியதும் காய் விழ ஆரம்பித்தது. கோழிமுட்டை அளவு, கனமான காய். விழுந்து கொஞ்ச நாளில் மூன்றாகப் பிளந்து உள்ளிருந்து சிவப்பாக ஒரு முளை மண்ணைத் தேடி வளையும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அதிகாரி ஆட்களை வைத்து விழுந்ததையெல்லாம் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார். கேட்டால், மழை விட்டபிறகு விழா, அதில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணிப்பையில் போட்டு விதை கொடுப்பதாகத் திட்டம் என்றார். ஒன்றுகூடக் கீழே கிடக்கக்கூடாதாம். கூட்டுகிறவர்கள் விட்டுவைத்ததை முள்ளம்பன்றி தின்றுவிட்டுப் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்தத்தான் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நெல், உளுந்து, வெண்டை எல்லாம் காய்ந்தபிறகு உறங்குகிற விதைகள். எடுத்து வைத்தால் அடுத்த பட்டம் வரை காத்திருக்கும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைக்கு உறங்கத் தெரியாது. மழையில் விழும், மழையிலேயே முளைக்கும். ஈரம் போனால் உயிரும் போய்விடும். குங்கிலிய மரத்தின் விதை இந்த ரகம். அதைச் சேமித்து வைக்க ஒரே வழி, உடனே நட்டுவிடுவதுதான்.

அதிகாரியிடம் இதைச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது அவர் கைகூப்பினார். "சேச்சி, டென்ஷன் அடிக்கண்டா. அடுத்த வாரம் பையில நட்டுக்கலாம்" என்றார். அதுவரை ஈரச் சாக்கில் வைத்திருந்தால் தாங்கும். ஸ்டோரில் இருந்த சாக்குகள் எல்லாம் கிழிசல் என்பதால் அண்ணனிடம், "பழைய சணல் சாக்கு இருந்தா வேனில் போட்டு அனுப்பு" என்று கேட்டேன். அவனும் சரி என்றான்.

அன்று சாயங்காலமே, நகரத்தின் வடக்கே இருக்கிற கழக்கூட்டத்திலிருந்து மகளின் போன். அங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை, தோழிகளோடு வாடகை ஃப்ளாட். டெங்கு என்றாள், குரலே இல்லை. நான் அப்படியே கிளம்பிப் போய்விட்டேன். அவளுக்கு ரத்தத்தில் அணுக்கள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்த அந்த நாட்களில் எனக்கு விதையும் நினைவில் இல்லை, மரமும் நினைவில் இல்லை. தாயாக இருந்தேன், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

மகள் எழுந்து கஞ்சி குடித்த பிறகு வீட்டுக்கு வந்தேன். கடைவாசலில் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, நல்ல வேளைக்கு நானே வேன்ல போனேன் பாத்துக்கோ. சாக்கு கொடுக்கலாம்னு போனா, உன் விதையெல்லாம் ஈரத்துல ஊறிக் கிடக்கு. பாதி முளைச்சே போச்சு! சரக்கு இப்படியா வைப்பாங்க? எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உங்க ஆபீசர்கிட்ட சொன்னேன், அவரும் சந்தோஷமா எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு. நம்ம சூட்டறையில போட்டு மூணு நாளு. வந்து பாரு. முளைச்சதையெல்லாம் நானே உக்காந்து கிள்ளிட்டேன், கேட்டியா? ஒரு வண்டு வராது இனி."

சூட்டறைக் கதவைத் திறந்து காட்டினான். பாய்மேல் பரத்தி வைத்திருந்தான், ஒன்றின்மேல் ஒன்று படாமல், அவ்வளவு ஒழுங்காக. ஒன்றை எடுத்தேன். கனமே இல்லை. தோல் சுருங்கி, உள்ளே பருப்பு தனியாக ஆடியது. அவன் என் கையிலிருந்து அதை வாங்கிக் காதருகே ஆட்டிக் காட்டினான். "கேளு, என்ன சத்தம்!"

நான் அழுதேன். அழுகை நின்றதும் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. எங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என் வாயில் மிளகாய் தேய்த்திருப்பாள். அவன் கோபப்படவே இல்லை. திகைத்துப்போய் நின்றான். "நாசமாப் போகுதேன்னுதானேட்டி செஞ்சேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். உலகத்தில் வேறு எந்த வீட்டில் நடந்திருந்தாலும் அந்த விதைகள் சாக்குக்குள்ளேயே முளைத்துக் கோணல் மாணலாகவாவது பிழைத்திருக்கும். எங்கள் வீட்டில் அக்கறை வந்தால் காயவைத்துவிடுவார்கள்.

ஒரு கூடை விதையை எடுத்துப் போய் என் வீட்டில் ஈர மணலில் புதைத்தேன். மீதியை மறுநாளே தோட்டத்து ஆட்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். தண்ணீர் தெளித்தேன். ஒன்றும் எழும்பவில்லை. தோண்டிப் பார்த்தபோது அழுகிப் பிசுபிசுத்தது. அண்ணனும் எனக்குத் தெரியாமல் தன் மாடித் தொட்டியில் சிலதைப் புதைத்து வைத்திருந்தான் என்று அண்ணி சொன்னாள். அதுவும் அப்படியேதான் ஆனது.

அழுகிய விதைகளை ஒரு டப்பாவில் போட்டு அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். "சாறே, எல்லாம் போச்சு. விதை கைக்கு வந்தா மரம் போகலாம்னு பேசினோம். விதை வரல. அதனால அடுத்த தடவை காய்க்கிற வரைக்கும் மரம் நிக்கணும்."

அவர் டப்பாவைத் திறக்கவில்லை. விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, சிறப்பு விருந்தினராக அரசியல் பிரமுகர் ஒருவர் வருகிறார், துணிப்பை தைத்து வந்துவிட்டது, விழாவுக்கு மறுநாள் மரம் வெட்ட ஆள் வருகிறது என்று வரிசையாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சேச்சி, சிலது முளைக்கும், சிலது முளைக்காது. குட்டிகளுக்கு ஒரு சந்தோஷம். அவங்க நட்டுப் பாக்கட்டுமே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தலைக்கேறியது. மரத்தைக்கூட விடுங்கள். ஒரு பிள்ளை அந்தச் செத்த விதையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டியில் நடும். காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கும். நாள் போகப் போக, நான் தண்ணீர் சரியாக விடவில்லையோ, என் கை ராசி இல்லையோ என்று நினைக்கும். ஒரு தோட்டம், அதுவும் மக்கள் பணத்தில் நடக்கிற தோட்டம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடமா இது? அங்கேயே கேட்டேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வாசலிலிருந்தே கத்துகிறவன், அன்று உள்ளே வந்து உட்கார்ந்தான். விதையைப் பாதுகாத்துக் கொடுத்ததற்காக அவனுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். சாலைக் கடைத்தெருவிலிருந்து வியாபாரிகள் சிலர் வேன் பிடித்து வருகிறார்களாம், அவனைப் பார்க்க.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேன். ஆபீசர் கேக்கல. ஏட்டி, எனக்குத் தெரியும் அது செத்துப் போச்சுன்னு. ஆனா நாலு பேரு முன்னாடி நீ வாயத் திறந்திராத. இந்தத் தெருவுல நாம இருக்கணும். கெட்டுப்போன சரக்கு கொடுத்தவன்னு பேரு வந்தா நான் எப்படிக் கடையில உக்காருவேன்?"

நான் காபி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் காபியைக் குடிக்காமல் போனான். அவன் கேட்டது நியாயமில்லாதது என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தெருவில் பேர்தான் முதல். ஆனால் மறுநாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அதற்கு மறுநாள் அந்த மரம் இருக்காது. அந்தச் சரிவில் அதோடு அந்த வம்சம் முடிந்தது. அண்ணனின் பேர் ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிடும், மரம் வராது. இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தபிறகும் அவன் விட்டுப்போன காபியை எடுத்துக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

விழா அன்று மழை விட்டிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் பந்தல். முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள், பின்னால் ஆசிரியைகள், ஓரத்தில் சாலைக் கடைத்தெரு ஆட்கள் வெள்ளை வேட்டி சட்டையில். சிறப்பு விருந்தினர் பேசினார். தாய்மரம் தன் உயிரைக் கொடுத்துத் தன் குழந்தைகளை நம் கையில் விட்டுப் போகிறது என்று மலையாளத்தில் உருகினார். ஒரு ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனுக்குப் பொன்னாடை. அவன் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு பை விநியோகம். பிள்ளைகள் பையைக் குலுக்கி, உள்ளே சத்தம் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

விதையை எப்படி நடுவது என்று இரண்டு நிமிஷம் சொல்லச் சொல்லி அதிகாரி என் கையில் மைக்கைக் கொடுத்தார். அப்போதுகூட நான் சொல்லுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒப்பந்தக்காரி என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

மலையாளத்திலேயே சொன்னேன், பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று. "மக்களே, இந்த விதை முளைக்காது. இது செத்துப் போச்சு. வீட்டுல நட்டு, முளைக்கலைன்னா அது உங்க தப்பு இல்ல. இந்த மரத்தோட விதையைக் காயவைக்கக் கூடாது. காயவச்சுட்டாங்க. அதனால இந்த மரத்துக்கு இப்ப பிள்ளைங்களே கிடையாது. நாளைக்கு இந்த மரத்தை வெட்டப் போறாங்க."

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, பயமே இல்லாமல், "பின்னெ எந்தினா ஞங்ஙளுக்குத் தந்நது?" என்று கேட்டாள். அப்புறம் எதற்கு எங்களுக்குக் கொடுத்தீர்கள்? நான் கேட்க நினைத்ததை அவள் கேட்டுவிட்டாள்.

அதிகாரி என்னிடமிருந்து மைக்கைப் பறிக்காத குறையாக வாங்கினார். மேடத்துக்கு ஏதோ சந்தேகம், அவ்வளவுதான் என்றார். பரம்பரையாக மருந்துச் சரக்கில் இருக்கிறவர் இதோ மேடையில் இருக்கிறார், அவரே பக்குவப்படுத்திய விதை, அவரையே கேட்டுக்கொள்ளலாம் என்றார். சிறப்பு விருந்தினரும் அண்ணன் பக்கம் திரும்பினார். "முளைக்கும் அல்லே?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சாலை ஆட்கள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு முன்வரிசையில் பையை மடியில் வைத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தான். மைக்கை வாங்கினான். அவன் மேடையில் பேசியதே இல்லை.

"முளைக்கூல்லா. என்றெ தெற்றா. ஞானா உணக்கியது." முளைக்காது, என் தப்புதான், நான்தான் காயவைத்தேன் என்று சொல்லிவிட்டு, மலையாளம் போதாமல் தமிழுக்கு மாறினான். "என் தங்கச்சி அன்னைக்கே சொன்னா. கெட்ட சரக்குன்னு தெரிஞ்சும் நான் பேசாம இருந்துட்டேன். எங்க கடையில இப்படிக் கொடுத்தது இல்ல. பிள்ளைங்க அதைத் திருப்பிக் கொடுத்துருங்க." பொன்னாடையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினான்.

மைக் மேஜையில் சும்மா கிடந்தது, அந்தச் சந்தர்ப்பத்தை விட நான் தயாராக இல்லை. எடுத்து, அடுத்த தடவை காய்க்கும்வரை மரம் நிற்க வேண்டும், இரும்புத்தூண் முட்டுக் கொடுக்கலாம், சாய்ந்த பக்கம் ஆள் போகாமல் வேலி போடலாம், கிளையைக் குறைக்கலாம், இது எல்லாம் நடக்கிற காரியம்தான் என்று சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். கைதட்டல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போகத் தெரியாதவர் அரசியலில் இருக்க முடியுமா? சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று, தான் இருக்கும்வரை இந்த மரத்தில் கோடாலி படாது என்று முழங்கினார். சற்றுமுன் அதன் தியாகத்தைப் பற்றி உருகியவர் அவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் முழங்கியதும் மரத்துக்கு உதவியது, அது போதும்.

மரம் நின்றது. முட்டுக் கொடுத்தார்கள், வேலியும் போட்டார்கள். அதற்குக் கீழே மட்டும் மண்ணைச் சமப்படுத்தி, பார்க்கிங் வேலையைப் பாதியில் விட்டார்கள். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணன் ரொம்ப காலம் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்காக அல்ல, அவன் கெஞ்சியும் கேட்காமல் சொன்னதற்காக. அந்தக் கோபத்துக்கு அவனுக்கு உரிமை உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சொன்னதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்ட சரக்கை மேடையிலேயே ஒத்துக்கொண்டவன் என்று அவனைத் தேடி வந்து வாங்கியவர்களும் உண்டு.

வேலை போனதும் வீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்று அதிகாரி நினைத்திருந்தால் அவருக்கு என்னைத் தெரியாது. சீட்டு வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அது அரசாங்கத் தோட்டம். அதாவது என்னுடையது, உங்களுடையது, அந்தப் பள்ளிப் பிள்ளைகளுடையது. அதிகாரி அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர், அவ்வளவே. சம்பளம் வாங்குகிறவள்தான் மரத்தைக் காட்டிப் பேசலாம் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் பழைய ஆசிரியைத் தோழிகள் போன் செய்து நாள் கேட்பார்கள். அவர்கள் பிள்ளைகளோடு வருவார்கள், நான் சீட்டோடு வருவேன், மரத்தடி வேலிக்கு வெளியே நின்று பாடம் நடக்கும். காவலாளி தூரத்தில் நின்று கேட்பார்.

முதல் வருஷம் பூக்கவில்லை. அடுத்த வருஷம் கொஞ்சம் பூத்து, மழையில் உதிர்ந்துபோனது. இந்த வருஷம் பூத்துப் பிடித்தது. காய் முற்றுகிறது என்று அண்ணியிடம் சொல்லி வைத்தேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது, அண்ணன் வேனைப் பக்கத்தில் நிறுத்தி, "ஏறு" என்றான். தோட்டத்து வாசலில் தனக்கும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டான்.

காய் விழுந்து, வேலிக்கு அடியில் உருண்டு, சரிவில் இறங்கி, வாகனம் நிறுத்தச் சமப்படுத்தி அப்படியே விட்டிருந்த மண்ணில் கிடந்தது. மழை பெய்து அந்த மண் சேறாக இருந்தது. ஒரு பள்ளிக் கூட்டம் என்னோடு இருந்தது. தோட்டத்திலிருந்து எதையும் எடுத்துச் செல்லக்கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது, நாங்கள் எதையும் எடுத்துச் செல்லவில்லை. விழுந்த இடத்திலேயே விரலால் குழி தோண்டி, பிளந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே இலைச்சருகு போட்டு மூடினோம். அண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு விதையைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தான். "என்னா கனம்" என்றான். பிறகு முளை உடையாமல் மெதுவாக அதை மண்ணில் வைத்தான்.

மழை ஓயாமல் பெய்ததால் எல்லாம் சீக்கிரம் எழும்பின. சிவந்த இளம் இலையோடு அந்த மண் முழுக்கக் கன்றுகள். அதற்குப் பிறகுதான் அதிகாரி கண்ணில் பட்டது. குடையோடு இறங்கி வந்தார். அன்று, நட்ட பிள்ளைகளே தங்கள் கன்றைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"சேச்சி, இது பார்க்கிங்குக்கு விட்ட இடம். யாரைக் கேட்டு நட்டீங்க? இதையெல்லாம் எடுக்க வேண்டி வரும்."

நான் ஒதுங்கி நின்று வழி விட்டேன். பிள்ளைகளும் ஒதுங்கினார்கள், ஒவ்வொருவரும் தங்கள் கன்றுக்குப் பின்னால்.

"எடுங்க சாறே. நீங்களே உங்க கையால பிடுங்குங்க. பிள்ளைங்க பாக்கட்டும், அதுவும் ஒரு பாடம்தானே" என்றேன்.

அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிள்ளைகளைப் பார்த்தார், கன்றுகளைப் பார்த்தார். குனியவே இல்லை. வந்த வழியே மேலே ஏறிப் போனார், கால் வைக்கும் இடமெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்து.